அரசு சுகாதார நிலையங்களுக்கு மருந்து தட்டுப்பாடில்லாமல் போய்ச்சேர எவ்வளவு செலவாகும்? கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

"இந்த மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளியில வாங்கிக்குங்க." அரசு மருத்துவமனை மருந்து கவுன்டரில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. இதைச் சரிசெய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. வந்தாலும் "மருந்துக்கு இன்னும் நிதி ஒதுக்க வேண்டும்" என்பதோடு நின்றுவிடும்.

மருந்து வாங்கும் செலவு ஒன்று, அதை நோயாளி கைவரை கொண்டுசேர்க்கும் செலவு இன்னொன்று. இரண்டாவதற்கு நம் பட்ஜெட்டுகளில் பெரும்பாலும் தனித் தலைப்பே இருப்பதில்லை. தலைப்பு இல்லாத செலவை யாரோ ஒருவர் சத்தமில்லாமல் சுமக்கிறார். பல இடங்களில் அது செவிலியர், அதைவிட அதிக இடங்களில் நோயாளி.

மாவட்ட மருந்துக் கிடங்கில் வேலை பார்ப்பவர்கள், வட்டார மருத்துவ அலுவலர்கள், பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்கள், மருத்துவமனை நலச் சங்கங்களில் இருப்பவர்கள் எல்லோரும் பயன்படுத்தும்படி இதை எழுதுகிறேன். நடுநடுவே ஒரு கற்பனை மாவட்டத்தின் கணக்கு வரும். அதில் 60 ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் மருந்துச் செலவு. எண்கள் முறையைக் காட்டத்தான்; உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எங்கே அடைக்கிறது என்று முதலில் பாருங்கள்

செலவுக் கணக்கைக் கடைசியில் தொடங்க வேண்டும். முதல் வேலை இருப்புப் பதிவேட்டைப் புரட்டுவது.

எல்லா மருந்தையும் பார்க்க வேண்டாம். இருபது மருந்துகளைத் தேர்ந்தெடுங்கள்: மெட்ஃபார்மின், அம்லோடிபின், பாராசிட்டமால், அமாக்சிசிலின், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், இரும்புச்சத்து மாத்திரை, ஆக்சிடோசின், நாய்க்கடித் தடுப்பூசி, பாம்புக்கடி விஷமுறிவு மருந்து என்று, இல்லாவிட்டால் உயிருக்கோ அன்றாடச் சிகிச்சைக்கோ ஆபத்து வரும் மருந்துகள். பத்து நிலையங்களில் கடந்த ஆறு மாதப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு மருந்தும் எத்தனை நாள் பூஜ்யத்தில் இருந்தது என்று எழுதுங்கள். பக்கத்திலேயே காரணத்தையும் குறியுங்கள். பணம் இல்லையா? இண்டென்ட் (தேவையான மருந்துகளைக் கேட்டு அனுப்பும் பட்டியல்) போடவில்லையா? கம்பெனி அனுப்பவில்லையா? மாவட்டக் கிடங்கில் மருந்து இருந்தும் நிலையத்துக்கு வரவில்லையா?

இந்தக் கடைசிக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜாம்பியா நல்ல சாட்சி. அங்கே 2009-இல் உலக வங்கியும் அரசும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. மருந்துகள் தலைநகர் லுசாகாவின் மத்தியக் கிடங்கில் இருந்தன, மாவட்டக் கிடங்குவரை போயும் சேர்ந்தன. அங்கிருந்து கிராம கிளினிக்குக்குத்தான் போகவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மருந்து பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால் மாவட்டக் கிடங்கில் காலாவதியாகும் அட்டைப்பெட்டிகள்தான் கூடும்.

காரணம் தெரியாமல் செலவு மதிப்பிடுவது வீண் வேலை. இந்தப் படிக்கு ஆகும் செலவு இரண்டு பேரின் சில வாரச் சம்பளமும் பயணப்படியும்தான். யாராவது இதைத் தவிர்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: உண்மையான தேவையைக் கணக்கிடுங்கள்

பெரும்பாலான இண்டென்ட்கள் "போன வருஷம் எவ்வளவு செலவானது, அதோடு பத்து சதவீதம்" என்றுதான் போடப்படுகின்றன. போன வருஷம் மருந்தே இல்லாத மாதங்கள் இருந்தால் இந்தக் கணக்கு அந்தத் தட்டுப்பாட்டை அடுத்த வருஷத்துக்கும் நீட்டிவிடும்.

ஒரு நிலையத்தில் ஆறு மாதத்தில் 9,000 பாராசிட்டமால் மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள். ஆறால் வகுத்தால் மாதம் 1,500. ஆனால் அதில் இரண்டு மாதம் இருப்பே இல்லை என்றால், நான்கால்தான் வகுக்க வேண்டும். உண்மையான தேவை மாதம் 2,250. ஒன்றரை மடங்கு! இதை எல்லா மருந்துக்கும் செய்து பாருங்கள், தட்டுப்பாடு எவ்வளவு தேவையை மறைத்து வைத்திருந்தது என்று தெரியும்.

அப்புறம் பட்டியலைத் தரம் பிரியுங்கள். பொதுவாக மருந்துப் பட்டியலில் 10 முதல் 20 சதவீத மருந்துகளே முக்கால் பங்குக்கு மேலான பணத்தை விழுங்கும். அவற்றை மாதாமாதம் கவனியுங்கள், மற்றவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இன்னொரு பக்கம் உயிர் காப்பது, அவசியம், இருந்தால் நல்லது என்று மூன்றாகப் பிரியுங்கள். விலை குறைவாக இருந்தும் உயிர் காக்கும் மருந்துகள் உண்டு. அவற்றில் மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது, கூடுதல் இருப்பே வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டங்கள் மாறும்போது தேவையும் மாறும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இப்படி ஒரு திட்டம் வந்தபிறகு பழைய மூன்றாண்டுச் சராசரியை வைத்து மெட்ஃபார்மின் வாங்கினால் நடு வருஷத்தில் கை வறண்டுவிடும்.

படி 3: இப்போது யார் சுமக்கிறார்கள் என்று எழுதுங்கள்

மேம்பாட்டுச் செலவைப் பற்றிப் பேசும் முன், இன்றைய நிலைக்கே ஆகும் செலவைப் பாருங்கள். நிலையத்து மருந்தாளுநர் மாவட்டக் கிடங்குக்குப் போய்வர ஒரு முழு நாள் போகிறது. அன்று மருந்து கவுன்டரில் செவிலியர் நிற்கிறார். பெட்டிகளை ஏற்றிவர ஆட்டோவோ வேனோ பிடிக்கிறார்கள், சில இடங்களில் மருத்துவமனை வண்டியே போய்வருகிறது. அந்த டீசல் 'வாகன எரிபொருள்' தலைப்பில் போய்விடுவதால் மருந்துக் கணக்கில் வராது.

நம் மாவட்டத்தில் 60 நிலையங்களும் மாதம் ஒருமுறை இப்படிப் போய்வந்து, ஒரு தடவைக்கு 1,800 ரூபாய் வண்டிச் செலவு ஆகிறது என்று வைப்போம். மாதம் 1,08,000, ஆண்டுக்கு 12,96,000 ரூபாய். கூடவே 720 ஆள் நாட்கள். இந்தப் பணமும் நேரமும் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கின்றன, எந்த அறிக்கையிலும் தெரியாமல்.

நோயாளி வெளிக்கடையில் கொடுக்கும் பணத்தையும் பாருங்கள். கவுன்டரை விட்டு வெளியே வரும் ஐம்பது பேரிடம் சீட்டில் எழுதிய மருந்துகளில் எத்தனை கிடைத்தன, மீதிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால் ஒரு நாளில் தெரிந்துவிடும்.

படி 4: கொள்முதலில் எங்கே பணம் போகிறது

இதற்குத் தமிழ்நாட்டுக்கு வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் பதிவாகி, 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்தன. அது செய்த காரியங்களைச் செலவுக் கண்ணோடு பார்த்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, பட்டியலைச் சுருக்கி மொத்தமாக வாங்கியது. மருந்துப் பணத்தில் சுமார் 90 சதவீதம் கழகத்தின் வழியாக, மீதி 10 சதவீதம் மருத்துவமனைகள் அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ள. கம்பெனி தகுதிக்கு ஒரு உறை, விலைக்கு ஒரு உறை என்று ஒப்பந்தப்புள்ளி. தகுதி உறையில் தேறாதவர்களின் விலை உறையைப் பிரிப்பதே இல்லை.

இரண்டாவது, தரப் பரிசோதனை. வந்து இறங்கும் தொகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனி பெயர் தெரியாதபடி குறியீடு போட்டு, பட்டியலில் உள்ள ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் கிடங்கிலிருந்து வெளியே போகும். இதில் கட்டணம் மட்டும் செலவில்லை, காத்திருக்கும் நாட்களும் செலவுதான். முடிவு வர மூன்று வாரம் ஆனால் அந்த மூன்று வாரத்துக்கான இருப்பைக் கூடுதலாக வாங்கி வைத்திருக்க வேண்டும். மருந்து மதிப்பில் ஒரு சதவீதத்தைப் பரிசோதனைக்கு ஒதுக்கி நம் கணக்கில் 6 லட்சம் வைத்துக்கொள்வோம். இதில் சிக்கனம் பிடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலை செய்யாத மருந்தைக் குறித்த நேரத்தில் கொண்டுசேர்த்து என்ன பயன்?

மூன்றாவது, அட்டையும் முத்திரையும். டப்பாவிலிருந்து எண்ணிக் கொடுத்த தளர் மாத்திரைகளுக்குப் பதிலாக, அரசு முத்திரையும் 'விற்பனைக்கு அல்ல' என்ற எழுத்தும் அச்சிட்ட அட்டைகள் வந்தன. அட்டைக்குக் கொஞ்சம் விலை கூடும். ஆனால் ஈரம் பிடிக்காது, திருடி வெளிக்கடையில் விற்பதும் கடினம்.

நான்காவது, பணத்தை நேரத்துக்குக் கொடுப்பது. என்னைக் கேட்டால் இருக்கும் மேம்பாடுகளிலேயே மலிவானது இதுதான். ஆறு மாதம் கழித்துத்தான் பணம் வரும் என்று தெரிந்த கம்பெனி, அந்த வட்டியை விலையில் ஏற்றித்தான் கேட்கும். ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் ஆறு மாதத் தாமதத்துக்கு 6 சதவீதம். 6 கோடிக்கு 36 லட்சம்! நல்ல கம்பெனிகள் ஒப்பந்தப்புள்ளிக்கே வராமல் ஒதுங்கிக்கொள்வது அதற்கு மேல் நட்டம். வண்டியும் மென்பொருளும் வாங்கும் முன் பில் பாஸாகும் வழியைச் சரிசெய்யுங்கள்.

படி 5: கிடங்கும் இருப்பும்

கழகம் மாவட்டக் கிடங்குகளில் ஏறக்குறைய மூன்று மாத இருப்பு வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. நம் மாவட்டத்துக்கு மாதம் 50 லட்ச ரூபாய் மருந்து என்றால் மூன்று மாத இருப்பு 1.5 கோடி. இந்தப் பணம் ஒருமுறை முடங்கும், ஆண்டுதோறும் செலவாகாது. ஆனால் 8 சதவீத வட்டி என்று பார்த்தால் ஆண்டுக்கு 12 லட்சம் அதன் விலை. அரசு பட்ஜெட்டில் யாரும் இந்த வட்டியை எழுதுவதில்லை. எழுதாவிட்டாலும் முதல் ஆண்டில் 15 மாத மருந்துக்குப் பணம் வேண்டும் என்பதையாவது எழுதுங்கள். பல திட்டங்கள் முதல் ஆண்டிலேயே தடுமாறுவது 12 மாதப் பணத்தை மட்டும் கேட்டுவிட்டுத்தான்.

மீதி எல்லாம் தெரிந்த செலவுகள்: அடுக்குத் தட்டுகள், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய இன்சுலின், தடுப்பூசி, ஆக்சிடோசினுக்குக் குளிர்பதனப் பெட்டிகள், ஜெனரேட்டர், தீயணைப்புக் கருவி, காவலர், மின்கட்டணம். ஜெனரேட்டர் வாங்கப் பணம் கேட்பவர்கள் அதன் டீசலுக்குக் கேட்க மறந்துவிடுகிறார்கள். மழைக்கு ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்கும் செலவும் அப்படித்தான் விடுபடும்.

படி 6: நிலையம்வரை கொண்டுபோகும் செலவு

இங்கேதான் நின்று நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

இரண்டு வழிகள். நிலையத்துக்காரர்கள் வந்து எடுத்துப்போவது ஒன்று, கிடங்கு வண்டியே வழித்தடம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதை நம் மாவட்டத்தில் செய்தால்: ஒரு நாளில் ஆறு நிலையங்கள், மாதம் பத்து நடை. ஓட்டுநரோடு வாடகை வண்டி நாளுக்கு 4,500 ரூபாய், ஏற்றி இறக்க இரண்டு பேருக்கு 1,400. ஒரு நடைக்கு 5,900. பத்து நடைக்கு 59,000. ஆண்டுக்கு 7,08,000 ரூபாய்.

மருந்து மதிப்பில் இது 1.2 சதவீதம்கூட இல்லை. படி 3-இல் பார்த்த 12.96 லட்சத்தைவிட மிகக் குறைவு. 720 ஆள் நாட்களும் நிலையங்களுக்கே திரும்பிவிடும். பிறகு ஏன் நடப்பதில்லை? பழைய செலவு அறுபது இடங்களில் சிதறிக் கிடக்கிறது, புதிய செலவு ஒரே இடத்தில் ஏழு லட்சமாக எழுந்து நிற்கிறது. மிச்சம் பிடிப்பது நிலையங்கள், செலவு செய்ய வேண்டியது கிடங்கு. இந்த இரண்டு பையையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டாமல் எந்த நிதி அலுவலரும் கையெழுத்துப் போட மாட்டார்.

மலைப்பகுதி, தீவு, மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் ஊர் என்றால் சராசரியைப் போடாதீர்கள். அவற்றுக்குத் தனி வழித்தடம், தனிச் செலவு. அத்தகைய நிலையங்களுக்கு மழைக்கு முன்பே இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதுதான் பெரும்பாலும் மலிவு.

ஜாம்பியா சோதனைக்குத் திரும்புவோம். அங்கே இரண்டு முறைகளை ஒப்பிட்டார்கள். இரண்டிலும் மாவட்டத்துக்கு ஒரு மருந்துத் திட்டமிடுபவரை நியமித்தார்கள். முதல் முறையில் மருந்து பழையபடி மாவட்டக் கிடங்கில் தங்கி, அங்கே பிரிக்கப்பட்டுப் போனது. இரண்டாவதில் ஒவ்வொரு கிளினிக்கின் ஆர்டரும் லுசாகாவிலேயே தனிப் பெட்டியாகக் கட்டப்பட்டு, மாவட்டத்தில் தங்காமல் கைமாறிப் போனது. தட்டுப்பாட்டைத் தெளிவாகக் குறைத்தது இரண்டாவது முறைதான். மத்தியக் கிடங்கில் பெட்டி கட்டும் ஆட்களின் செலவு கூடினாலும், நடுவில் ஒரு கிடங்கு வேலை ஒழிந்தது. ஆளைச் சேர்ப்பதால் மட்டும் பலன் வராது, சரக்கு போகும் பாதையும் மாற வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

செனகலில் கருத்தடைப் பொருட்களுக்கு வேறு வழி. தனியார் விநியோகஸ்தர் வண்டியோடு நிலையத்துக்கு வருவார், தீர்ந்ததை எண்ணி நிரப்புவார், தீர்ந்ததற்கு மட்டும் பணம். இண்டென்ட் போடும் வேலையே நிலையத்துக்கு இல்லை. நல்ல விநியோகஸ்தர்கள் இருக்கும் இடத்தில் இதையும் விலை கேட்டுப் பார்க்கலாம்.

படி 7: ஆட்களும் மென்பொருளும்

மென்பொருளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். செலவில் அது சிறிய பங்குதான். இந்தியாவில் பல மாநிலங்கள் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இ-ஔஷதி போன்ற மருந்து இருப்பு மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. கணினியை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது, இணையக் கட்டணம், புதிதாக மாற்றலாகி வருபவர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி ஆகியவற்றை மறக்காமல் போடுங்கள்.

ஆட்கள்தான் உண்மையான செலவு. கூடுதலாக ஒரு மருந்தாளுநர், ஒரு தரவுப் பதிவாளர், பெட்டி கட்ட இரண்டு பேர் என்று வைத்தால் ஆண்டுக்கு 14 லட்சம் என்று போடலாம். தற்காலிகப் பணியில் மிகக் குறைந்த சம்பளம் போட்டுக் கணக்கை அழகாக்காதீர்கள். பழகிய ஆள் போய்விட்டால் பதிவேடு மறுபடி குழம்பும்.

கழகத்தின் பாஸ்புக் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் ஆண்டு ஒதுக்கீட்டுத் தொகை எழுதிய பாஸ்புக். கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க அதன் மதிப்பு கழியும். நிலையத்துக்குத் தன் தேவையைத் தானே தீர்மானிக்கும் உரிமையும் வந்தது, வரம்பும் வந்தது. பேப்பரும் பேனாவும் மட்டுமே செலவாகும் ஒரு சீர்திருத்தம்.

படி 8: கூட்டிப் பாருங்கள்

ஒருமுறைச் செலவையும் ஆண்டுதோறும் வரும் செலவையும் கலக்காதீர்கள். தட்டு, குளிர்பதனப் பெட்டி, கணினி எல்லாம் சேர்த்து 24 லட்சம், சராசரியாக எட்டு ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம்.

நம் மாவட்டத்தின் ஆண்டுச் செலவு:

போக்குவரத்து 7.08 லட்சம்
ஆட்கள் 14 லட்சம்
தரப் பரிசோதனை 6 லட்சம்
மின்சாரம், டீசல், பராமரிப்பு 5 லட்சம்
மென்பொருள், பயிற்சி 2.5 லட்சம்
பொருட்களின் தேய்மானம் 3 லட்சம்
மொத்தம் 37.58 லட்சம்

மருந்து மதிப்பில் சுமார் 6.3 சதவீதம். நிலையத்துக்கு நாளொன்றுக்கு 100 வெளிநோயாளிகள், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 18 லட்சம் வருகைகள். ஒரு வருகைக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 9 காசு. இந்த எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள். கோடி, லட்சம் என்று பேசினால் தயங்குபவர்களுக்கும் ஒரு நோயாளிக்கு இரண்டு ரூபாய் என்றால் புரியும்.

வரவையும் எழுதுங்கள். நிலையங்களின் வண்டிச் செலவு 12.96 லட்சம் மிச்சம். காலாவதி 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தால் 18 லட்சம். அவசரத்துக்கு உள்ளூரில் 30 லட்சத்துக்கு வாங்கியது மொத்த விலையில் 20 லட்சத்துக்குக் கிடைத்தால் 10 லட்சம். ஆக 40.96 லட்சம். செலவுக்கும் வரவுக்கும் சரியாகிவிடுகிறது.

ஆனால் இங்கே கணக்கை மூடிவிடக் கூடாது. மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் கூட்டம் கூடும். ராஜஸ்தானில் 2011 அக்டோபர் 2-ஆம் தேதி இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபின் அரசு மருத்துவமனைகளுக்கு வரும் வெளிநோயாளிகள் கூடினார்கள். நம் மாவட்டத்தில் மருந்துப் பயன்பாடு 20 சதவீதம் கூடினால் அது 1.2 கோடி ரூபாய். மேலே கூட்டிய எல்லாச் செலவையும் சேர்த்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேதான். மேம்பாட்டின் மிகப் பெரிய செலவு, முன்பு வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு இப்போது கொடுக்கும் மருந்துதான். இதை மறைத்து "எல்லாம் மிச்சத்திலேயே நடக்கும்" என்று சொல்லி அனுமதி வாங்கினால், எட்டாவது மாதத்தில் பணம் தீர்ந்து பழைய தட்டுப்பாடே திரும்பும். அப்போது குறை முறையின் மேல் விழும். அந்த 1.2 கோடியை வெளிப்படையாகக் கேளுங்கள். இதுவரை அந்தத் தொகையை, அதைவிட அதிகமான சில்லறை விலையில், நோயாளிகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று படி 3-இல் எடுத்த கணக்கோடு சேர்த்துக் காட்டுங்கள்.

படி 9: சில வட்டாரங்களில் செய்து பாருங்கள்

ஒரே நாளில் மாவட்டம் முழுக்க மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று வட்டாரங்களில் தொடங்கி, அதே போன்ற வேறு வட்டாரங்களை மாற்றாமல் வைத்து, குறைந்தது ஒரு முழு ஆண்டு ஒப்பிடுங்கள். மழைக்காலமும் டெங்கு காலமும் நிதியாண்டு முடிவும் அதற்குள் வர வேண்டும். முதலில் தேர்ந்தெடுத்த அதே இருபது மருந்துகள், அதே பூஜ்ய நாட்கள். இடையில் பட்டியலை மாற்றாதீர்கள்.

ஒப்பிட எளிய அளவு ஒன்று உண்டு: கூடுதலாகச் செலவான பணத்தைக் குறைந்த பூஜ்ய நாட்களால் வகுத்தால், தட்டுப்பாடான ஒரு நாளைத் தவிர்க்க எவ்வளவு ஆனது என்று வரும். இரண்டு முறைகளைச் சோதித்தால் எது மலிவு என்று இதில் தெரிந்துவிடும்.

சோதனைக் காலத்தில் வெளிநாட்டு நிதியோ சிறப்புத் திட்ட நிதியோ வண்டிக்குப் பணம் கொடுத்தால், அது எந்த மாதம் நிற்கும், அதற்கு அடுத்த மாதம் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து பணம் வரும் என்பதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். நிதித்துறைக்குப் போகும் கோப்பில் 'மருந்து விநியோகச் செலவு' என்று தனித் தலைப்பு கேட்டு, அதை மருந்து ஒதுக்கீட்டின் சதவீதமாக நிர்ணயிக்கச் சொல்லுங்கள். மருந்துப் பணம் கூடும்போது வண்டிப் பணமும் தானாகக் கூடும், ஆண்டுதோறும் புதிதாகக் கேட்டு நிற்க வேண்டியதில்லை.